நோய் வராதவர்களையும் எண்ணும் படிப்பு

அமெரிக்கக் கல்லூரிகளில் சேர்ந்த நம் பிள்ளைகள் இரண்டாம் வருடம் வாக்கில் வீட்டுக்கு ஒரு போன் செய்வார்கள். "மேஜர் பயாலஜிதான். கூடவே மைனரா பப்ளிக் ஹெல்த் எடுக்கலாம்னு இருக்கேன்." அம்மா அப்பாவுக்கு மைனர் என்பதும் புரியாது, பப்ளிக் ஹெல்த் என்பதும் புரியாது. டாக்டருக்குப் படிக்கிறதா, கொசு மருந்து அடிக்கிறதா என்று குழம்பி, கடைசியில் "அதுக்கு வேலை கிடைக்குமா?" என்று கேட்பார்கள். என் சொந்தக்காரர்கள் வீடுகளிலேயே மூன்று நான்கு முறை இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டேன். வேலையைப் பற்றிய கேள்வி நியாயமானதுதான், அதற்கும் வருகிறேன். ஆனால் அந்தப் படிப்பில் என்ன இருக்கிறது என்பதை யாரும் கேட்பதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

முதலில் மைனர். மேஜர் என்பது பட்டத்துக்கான முதன்மைப் பாடம், மைனர் அதனோடு எடுக்கும் துணைப்பாடம். தமிழ்நாட்டில் கலை, அறிவியல் கல்லூரியில் படித்தவர்களுக்கு 'அலைடு பேப்பர்' தெரியும். பி.எஸ்சி. வேதியியல் படிப்பவர் கணிதத்தையோ இயற்பியலையோ அலைடாக எழுதுவார். மைனர் அதற்கு நெருங்கிய உறவு. அலைடு எது என்பதைப் பெரும்பாலும் கல்லூரியே முடிவு செய்துவிடும். மைனரை மாணவர் தேர்ந்தெடுக்கிறார். அமெரிக்காவில் இளநிலைப் பட்டத்துக்கு ஏறக்குறைய 120 கிரெடிட் வேண்டும். அதில் 15 முதல் 18 கிரெடிட் வரை, அதாவது ஐந்தாறு பாடங்களை, ஒரே துறையில் படித்தால் அது மைனர். பட்டச் சான்றிதழில் பெரும்பாலும் வராது, மதிப்பெண் பட்டியலில் வரும். இந்தியாவிலும் யு.ஜி.சி. 2022 டிசம்பரில் வெளியிட்ட பாடத்திட்டக் கட்டமைப்பில் மைனருக்கு இடம் உண்டு. மூன்றாண்டுப் பட்டத்தின் 120 கிரெடிட்டில் 24, நான்காண்டுப் பட்டத்தின் 160 கிரெடிட்டில் 32. அந்தக் கட்டமைப்புக்கு அடிப்படையான தேசியக் கல்விக் கொள்கையைத் தமிழ்நாடு அரசு ஏற்கவில்லை என்பதால் நம் மாநிலப் பல்கலைக்கழகங்களில் இன்னும் அலைடுதான் புழக்கத்தில் இருக்கிறது.

சரி, பப்ளிக் ஹெல்த்? பொதுச் சுகாதாரம் என்று மொழிபெயர்த்துவிட்டால் குப்பை லாரியும் பிளீச்சிங் பவுடரும்தான் நினைவுக்கு வரும். அதுவும் இதில் அடக்கம்தான். ஆனால் அந்த வகுப்பில் என்ன நடக்கிறது என்பதை ஒரு பழைய கதையை வைத்துச் சொன்னால்தான் விளங்கும். எபிடெமியாலஜி, அதாவது நோய்ப்பரவலியல், முதன்முதலாகப் படிக்கிறவர்களுக்கு அமெரிக்காவில் பல வகுப்புகளில் கொடுக்கப்படும் கணக்கு இது.

1940 ஏப்ரல் 18. நியூயார்க் மாநிலத்தில் ஆஸ்விகோ மாவட்டத்தில் ஒரு சிற்றூர். தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில் இரவு விருந்து. சபையார் ஆளுக்கொரு பதார்த்தம் வீட்டிலிருந்து செய்து கொண்டுவந்தார்கள். வந்தவர்கள் 80 பேர். அன்றிரவே பலருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. விசாரிக்க வந்த அதிகாரி 80 பேரில் 75 பேரைப் பிடித்துப் பேசிவிட்டார். அவர்களில் 46 பேருக்கு உடம்பு சரியில்லாமல் போயிருந்தது.

இதே சம்பவம் நம்ம ஊர்க் காதுகுத்து வீட்டில் நடந்தால் என்ன செய்வோம்? படுத்துக் கிடப்பவர்களிடம் போய் "என்ன சாப்பிட்டே?" என்று கேட்போம். நாலு பேர் கேசரி என்றால் கேசரிதான் குற்றவாளி, சமையல்காரரை ஒரு வழி பண்ணிவிடுவோம். ஆஸ்விகோவிலும் நோயாளிகளை மட்டும் கேட்டிருந்தால், பன்றி இறைச்சி மீதும் சந்தேகம் விழுந்திருக்கும். நோயுற்ற 46 பேரில் 29 பேர் அதைச் சாப்பிட்டிருந்தார்கள். இறைச்சி என்றாலே கெட்டுப் போகும் என்று எல்லாருக்கும் ஓர் எண்ணமும் உண்டு.

விசாரணை அதிகாரி செய்த காரியம் வேறு. ஒன்றும் ஆகாமல் நன்றாக இருந்த 29 பேரிடமும் போய் அதே கேள்விகளைக் கேட்டார். பன்றி இறைச்சி சாப்பிட்டவர்கள் 46 பேர், அதில் நோயுற்றவர்கள் 29, அதாவது 63 சதவீதம். சாப்பிடாதவர்கள் 29 பேர், அதில் நோயுற்றவர்கள் 17, அதாவது 59 சதவீதம். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் ஏறக்குறைய ஒன்றுதான். இறைச்சி தப்பித்தது.

வெனிலா ஐஸ்கிரீமுக்கு வந்தபோது கணக்கு வேறு மாதிரி பேசியது. சாப்பிட்ட 54 பேரில் 43 பேருக்கு நோய், 80 சதவீதம். சாப்பிடாத 21 பேரில் 3 பேருக்குத்தான், 14 சதவீதம். ஐந்தரை மடங்குக்கு மேல் வித்தியாசம். இந்தச் சதவீதத்துக்குப் பாடப்புத்தகத்தில் 'அட்டாக் ரேட்' என்று பெயர். ஒன்றை இன்னொன்றால் வகுத்தால் கிடைப்பது 'ரிலேட்டிவ் ரிஸ்க்'. எட்டாம் வகுப்புக் கணக்குதான், கால்குலேட்டர்கூட வேண்டாம்.

ஐஸ்கிரீம் எப்படிக் கெட்டது என்பதும் அறிக்கையில் இருக்கிறது. முதல் நாள் மதியம் பாலைக் காய்ச்சி, சர்க்கரை, முட்டை, கொஞ்சம் மாவு சேர்த்திருக்கிறார்கள். மாலை 6 மணிக்கு மூடி போட்ட பாத்திரங்களில் தேவாலயத்துக்குக் கொண்டுவந்து, இரவு முழுக்க அடித்தளத்தில் அப்படியே வைத்துவிட்டார்கள். மறுநாள் காலையில்தான் வெனிலா எசன்ஸ் சேர்த்து உறைய வைத்தார்கள். செய்த வீட்டாரின் மூக்கு, தொண்டை மாதிரிகளில் ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமி கிடைத்தது. அந்தக் கிருமி இரவெல்லாம் கலவையில் பெருகி நச்சைக் கக்கிவிட்டால், பிறகு உறைய வைத்தாலும் நச்சு அழியாது.

இந்தக் கணக்கில் எனக்குப் பிடித்த இடம் சாக்லேட் ஐஸ்கிரீம். சாப்பிட்ட 47 பேரில் 25 பேருக்கு நோய், 53 சதவீதம். சாப்பிடாத 27 பேரில் 20 பேருக்கு, 74 சதவீதம். (ஒருவரைப் பற்றிய பதில் பதிவில் இல்லை.) அப்படியானால் சாக்லேட் ஐஸ்கிரீம் நோயைத் தடுக்கிறதா? வகுப்பில் முதலில் சிலர் 'ஆமாம்' என்றுதான் சொல்வார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஒருவர் எழுந்து, சாக்லேட் வாங்கியவர்களில் பலர் வெனிலா வாங்கியிருக்க மாட்டார்கள், அதனால்தான் தப்பித்திருக்கிறார்கள் என்பார். ஒரு காரணத்தின் பின்னால் இன்னொரு காரணம் ஒளிந்து நின்று கண்ணைக் கட்டும் வித்தை அது. 'இதைத் தினமும் குடிப்பவர்களுக்கு மாரடைப்பு குறைவு' என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளில் பாதிக்கு இதுதான் அடிப்படை. அப்படிக் குடிப்பவர்கள் ஒருவேளை நடைப்பயிற்சியும் போகிறார்களோ, வசதியும் இருக்கிறதோ என்று யாரும் கேட்பதில்லை.

மருத்துவர் தன் முன்னால் வரும் நோயாளியைப் பார்க்கிறார். பொதுச் சுகாதாரம் படித்தவர் மருத்துவமனைக்கு வராதவர்களையும் தேடிப்போய் எண்ணுகிறார். நோய் வந்தவர்களை மட்டும் பார்த்தால் நோய் ஏன் வந்தது என்று தெரியாது. வராதவர்களோடு ஒப்பிட்டால்தான் தெரியும். மைனரின் ஐந்தாறு பாடங்களையும் பிழிந்தால் கடைசியில் கையில் நிற்பது இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

இதை மருத்துவர் ஆகப் போகிறவர்கள் மட்டும் ஏன் படிக்க வேண்டும், எந்தக் கல்லூரி மாணவரும் படிக்கலாமே என்று உரக்கச் சொன்னவர்களில் முக்கியமானவர் டேவிட் ஃப்ரேசர். 1976 ஜூலையில் பிலடெல்பியாவில் 'அமெரிக்கன் லீஜியன்' என்ற ஓய்வுபெற்ற படைவீரர்கள் அமைப்பின் மாநாடு நடந்தது. ஊர் திரும்பியதும் பலர் நிமோனியாவில் விழுந்தார்கள். 182 பேருக்கு நோய், 29 பேர் இறந்தார்கள். நாடே பயந்துபோன அந்த நோயை விசாரித்த சி.டி.சி. (அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம்) குழுவின் தலைவர் ஃப்ரேசர். அவர்களும் நோயில்லாதவர்களைக் கேட்டார்கள். மாநாட்டு ஓட்டலின் முகப்புக் கூடத்தில் அதிக நேரம் இருந்தவர்களுக்கே நோய் அதிகம், காற்றில்தான் ஏதோ வந்திருக்கிறது என்று கணக்கே காட்டிக் கொடுத்தது. கிருமி இன்னதென்று ஆய்வகத்தில் கண்டுபிடித்தது 1977 ஜனவரியில்தான். அதற்குத்தான் லீஜியனெல்லா என்று பெயர் வைத்தார்கள்.

அதே ஃப்ரேசர் பிறகு ஸ்வார்த்மோர் என்ற சிறிய கலைக் கல்லூரிக்குத் தலைவரானார். இலக்கியமும் தத்துவமும் படிக்கும் பிள்ளைகளுக்கு நடுவில் இருந்துகொண்டு, 1987-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் எபிடெமியாலஜி ஒரு பொதுக்கல்வி என்ற கருத்தோடு கட்டுரை எழுதினார். தர்க்கம், புள்ளியியல், ஒப்புமை, மனித வாழ்க்கை எல்லாம் ஒரே பாடத்தில் சேர்ந்து கிடைக்கிறது, இதைவிடப் பொருத்தமாக எதைச் சொல்லிக் கொடுப்பீர்கள் என்பது அவர் வாதத்தின் சாரம்.

அதுவரை அமெரிக்காவில் இது முதுநிலைப் படிப்பாகவே இருந்தது. 1916-ல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் பணத்தில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பள்ளிதான் முன்மாதிரி. இளநிலையில் எங்கோ சில இடங்களில் மட்டும் இருந்தது. அமெரிக்காவின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் (ஐ.ஓ.எம்.) 2003-ல் வெளியிட்ட அறிக்கையில், எல்லா இளநிலை மாணவர்களுக்கும் பொதுச் சுகாதாரக் கல்வி கிடைக்க வழி செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தது. பிறகு, இந்த மேஜரோ மைனரோ தரும் கல்லூரிகளின் விகிதத்தைக் கூட்டுவது என்பது அமெரிக்க அரசின் 2020-க்கான தேசிய சுகாதார இலக்குகளிலேயே இடம்பெற்றது. 2001-ல் இத்துறையில் இளநிலைப் பட்டம் வாங்கியவர்கள் 1,500 பேர்கூட இல்லை. 2020-ல் அது 18,000-ஐத் தாண்டிவிட்டது.

மைனரில் வழக்கமாக இருப்பவை: ஓர் அறிமுகப் பாடம், எபிடெமியாலஜி, புள்ளியியல், அப்புறம் சுற்றுச்சூழல் நலம், சுகாதாரக் கொள்கை, உலகளாவிய சுகாதாரம், மக்கள் பழக்கவழக்கங்கள் ஆகியவற்றில் இரண்டோ மூன்றோ. கல்லூரிக்குக் கல்லூரி மாறும்.

மேஜரோடு இது எப்படிச் சேர்கிறது என்பதற்கு மிச்சிகன் மாநிலத்தின் ஃப்ளின்ட் நகரத்தைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 2014 ஏப்ரலில் செலவைக் குறைப்பதற்காக அந்த நகரின் குடிநீரை டெட்ராய்டிலிருந்து வாங்குவதை நிறுத்தி, ஃப்ளின்ட் ஆற்றிலிருந்து எடுத்தார்கள். குழாய் அரிக்காமல் இருக்கச் சேர்க்க வேண்டிய வேதிப்பொருளைச் சேர்க்கவில்லை. பழைய ஈயக் குழாய்கள் அரித்து, ஈயம் தண்ணீரில் கலந்தது. தண்ணீர் நிறம் மாறி நாறுகிறது என்று மக்கள் பாட்டில் பாட்டிலாகக் கொண்டுபோய்க் காட்டியும் அதிகாரிகள் அசையவில்லை. வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் பொறியாளர் மார்க் எட்வர்ட்ஸ் குழு வீட்டு வீடாகத் தண்ணீரைச் சோதித்து ஈயம் இருப்பதைக் காட்டியது. தண்ணீரில் இருக்கிறது, சரி, குழந்தைகளின் ரத்தத்தில்? மோனா ஹானா-அட்டிஷா என்ற குழந்தை மருத்துவர் மருத்துவமனைப் பதிவுகளை எடுத்தார். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் ரத்தத்தில் ஈயம் அதிகமாக இருந்தவர்கள் தண்ணீர் மாற்றத்துக்கு முன் 2.4 சதவீதம், பின் 4.9 சதவீதம். இரண்டு மடங்கு. அவர் பொதுச் சுகாதாரத்திலும் முதுநிலைப் பட்டம் பெற்றவர்.

மாநில அரசு முதலில் இதை மறுத்தது. எங்கள் கணக்கில் அப்படி ஒன்றும் கூடவில்லையே என்றது. கோளாறு எங்கே என்று பிடித்துக் கொடுத்தவர் ஒரு புவியியலாளர், ரிச்சர்ட் சாட்லர். அரசு அஞ்சல் குறியீட்டெண்ணை வைத்துக் குழந்தைகளை எண்ணியிருந்தது. ஃப்ளின்ட் என்று அஞ்சல் முகவரி இருந்தாலும், நகர எல்லைக்கு வெளியே, அந்தத் தண்ணீரைக் குடிக்காத வீடுகள் அதில் ஏராளம். அந்தக் குழந்தைகளையும் சேர்த்து வகுத்ததால் விகிதம் நீர்த்துப் போயிருந்தது. வீட்டு முகவரியை வரைபடத்தில் குறித்து, உண்மையில் அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களை மட்டும் எடுத்தபோது ஏற்றம் பளிச்சென்று தெரிந்தது. 2015 அக்டோபரில் நகரம் டெட்ராய்டு தண்ணீருக்குத் திரும்பியது.

பொறியியல், மருத்துவம், புவியியல் என்று மூன்று மேஜர்கள் இந்தக் கதையில் வேலை செய்திருக்கின்றன. யாரை யாரோடு ஒப்பிடுவது என்ற ஒரே கேள்வியில்தான் அவை சந்தித்துக்கொண்டன. சிவில் படிக்கும் பையன் தண்ணீர்க் குழாயின் விட்டத்தைக் கணக்கிடக் கற்றுக்கொள்கிறான். குழாயின் அந்த முனையில் குடிக்கிற குழந்தையைப் பற்றி அவன் பாடத்தில் ஒரு வரி வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். இதழியல் படிக்கும் பெண்ணுக்கும் அப்படித்தான். 2020-ல் 'இன்று இத்தனை பேருக்குத் தொற்று' என்று தினமும் தலைப்பு போட்டோம். எத்தனை பேரைச் சோதித்ததில் அத்தனை பேர் என்பது சாயங்கால அறிக்கையிலேயே இருந்தது, தலைப்பில்தான் வரவில்லை.

மருத்துவம் படிக்க விரும்புகிறவர்கள் இந்த மைனரை அதிகம் எடுப்பதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளுக்கான எம்கேட் தேர்வில் 2015 முதல் உளவியல், சமூகவியல் சார்ந்த தனிப் பகுதி ஒன்று இருக்கிறது. மைனரின் சில பாடங்கள் அதற்கு உதவும். அதற்காக மட்டும் எடுக்க வேண்டாம் என்பேன்.

வேலைக்கு வருவோம். வெறும் மைனரை வைத்துக்கொண்டு சுகாதாரத் துறையில் வேலை கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எபிடெமியாலஜிஸ்ட் பணிகளுக்குப் பெரும்பாலும் எம்.பி.ஹெச். போன்ற பொதுச் சுகாதார முதுநிலைப் பட்டம் கேட்பார்கள். 2025-ல் அமெரிக்க மத்திய அரசின் சுகாதார அமைப்புகளில் பெரிய அளவில் ஆட்குறைப்பும் நடந்திருக்கிறது. இந்தியாவிலிருந்து எஃப்-1 என்ற மாணவர் விசாவில் போனவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். படிப்பு முடிந்தபின் ஓ.பி.டி. என்ற தற்காலிகப் பணி அனுமதியில் பார்க்கும் வேலை மேஜரோடு நேரடித் தொடர்புடையதாக இருக்க வேண்டும் என்பது விதி. மைனரோடு மட்டும் தொடர்புள்ள வேலை கணக்கில் வராது. இதைத் தெரியாமல் திட்டம் போட்டுவிட்டுக் கடைசி செமஸ்டரில் தவிக்கக் கூடாது. ஆக, வேலையை மேஜர் தரட்டும். அந்த வேலையை எந்தக் கண்ணோடு பார்ப்பது என்பதை இந்த மைனர் தரும்.

மேற்கொண்டு இதையே படிக்க வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டால் இந்தியாவிலும் வழி இருக்கிறது. திருவனந்தபுரத்தின் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்தில் 1997-லேயே எம்.பி.ஹெச். தொடங்கிவிட்டார்கள். சென்னையில் ஐ.சி.எம்.ஆரின் தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனமும், வேலூர் சி.எம்.சி.யும் நடத்துகின்றன. யாருக்கு இடம், என்ன தகுதி என்பதை அந்தந்த ஆண்டு அறிவிக்கையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டுக்காரர்கள் இந்தத் துறையை அந்நியமாகப் பார்ப்பது எனக்கு உண்மையிலேயே புரியவில்லை. சென்னை மாகாணத்துக்கு 1939-லேயே தனிப் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்துவிட்டது. மருத்துவமனைகளைப் பார்க்க ஒரு இயக்குநரகம், நோய்த்தடுப்பைப் பார்க்க இன்னொரு இயக்குநரகம் என்று நாம் பிரித்து வைத்திருப்பது இந்தியாவில் அரிது. 2020-க்கான மாதிரிப் பதிவு கணக்கெடுப்பின்படி, பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் முதல் பிறந்தநாளுக்குள் இறப்பவர்கள் இந்திய அளவில் 28, தமிழ்நாட்டில் 13. இந்த 13-க்குப் பின்னால் கர்ப்பிணிகளைப் பெயர் பெயராகப் பதிவேட்டில் எழுதி வைத்திருக்கும் கிராம சுகாதாரச் செவிலியர் இருக்கிறார். தடுப்பூசிக்கு வராத வீட்டைத் தேடிப்போகிறவரும் அவர்தான். ஆஸ்விகோவில் வியாதி வராதவர்களின் கதவைத் தட்டிய அதே வேலையைத்தான் அவரும் செய்கிறார். நம் கல்லூரிகளில் ஒரு அலைடு பேப்பராவது இதற்கு வைத்தால் என்ன என்று கேட்கத் தோன்றுகிறது. ஊராட்சிக் கணக்கு படிக்கும் பி.காம். மாணவருக்கும் அது உதவும்.

எடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. மைனரின் பெயரைப் பார்க்காதீர்கள், பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். எபிடெமியாலஜியும் புள்ளியியலும் கட்டாயமா, விருப்பமா? விருப்பம் என்றால், விருப்பப்பட்டு எடுங்கள். 'சுகாதாரமும் சமூகமும்' மாதிரியான பாடங்கள் கேட்க நன்றாக இருக்கும், அவையும் வேண்டியவைதான். ஆனால் கணக்கு இல்லாமல் அவற்றை மட்டும் படித்தால் அனுதாபம்தான் மிஞ்சும், யாரையும் எதிர்த்துக் கேள்வி கேட்க முடியாது. கணக்கு என்றால் பயம் என்கிறவர்கள் ஆஸ்விகோ பயிற்சியை ஒரு தடவை தனியாக உட்கார்ந்து போட்டுப் பார்க்கலாம். சி.டி.சி. அதை இலவசமாகவே வெளியிட்டிருக்கிறது. 75 பேர், 75 வரிகள். வயது, சாப்பிட்ட நேரம், நோய் தொடங்கிய நேரம், என்னென்ன சாப்பிட்டார் என்று கட்டம் கட்டமாக இருக்கும். ஒரு வெள்ளைத்தாளும் பென்சிலும் போதும்.

அதில் 52-ஆவது வரியில் சற்று நிறுத்துங்கள். மற்றவர்களெல்லாம் இரவு விருந்துக்குப் பிறகு படுத்தவர்கள். இது ஒரு குழந்தை, மதியம் 3 மணிக்கே நோய் தொடங்கிவிட்டது. அப்போது விருந்தே ஆரம்பிக்கவில்லை. பதிவில் ஏதோ தப்பு என்று அடித்துவிடத் தோன்றும். விசாரித்தவர் அடிக்கவில்லை, போய்க் கேட்டார். அன்று காலை ஐஸ்கிரீமை உறைய வைக்கும்போது அந்தக் குழந்தை பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. 11 மணிக்கு அதன் கையில் ஒரு கிண்ணம் வெனிலா கொடுத்திருக்கிறார்கள்.